சிங்காரத்தை எழுப்புகிற வேலை

தலவாக்கலைத் தையல் கடையில் இருந்து ஏறி வந்த ஆட்டோ அந்தப் பழைய தேயிலை ஸ்டோரின் வாசலில் நின்றதும் ஷெரோமி முதலில் தன் தையல் மெஷினை இறக்கினாள். பிறகு உடுப்பு மூட்டைகள். கடைசியாகத்தான் தம்பி மிலான் இறங்கினான். மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வந்ததில் அவனும் நன்றாகக் கசங்கியிருந்தான்.

"என்னையும் ஒருக்கா இஸ்திரி போட்டு எடுங்கக்கா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அன்றைய பொழுது முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

லிந்துலைக்கு மேலே, தேயிலை மலையின் முதுகில் இருந்தது அந்த ஸ்டோர், ஒரு காலத்துத் தேயிலை ஃபேக்டரி. கொழுந்து அரைத்த இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தகரக் கூரையும் உடைந்த ஜன்னல்களும் மட்டும்தான் மிச்சம். சுவரில் ஊறிப்போன தேயிலைத்தூளின் வாசனை ஈரம் பட்டால் எழுந்து மூக்கில் ஏறும். கீழ்த்தளத்தில் மரத்தூள் கொட்டி, வட்டம் கட்டி, உயரத்தில் கயிறு இழுத்து, படக்காரர்கள் ஒரு சர்க்கஸையே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

'பனிமலைச் சர்க்கஸ்' முதலில் மேடை நாடகம். தோட்டத்துப் பிள்ளைகள் கயிறு ஏறவும் குட்டிக்கரணம் போடவும் பழகி, ஹட்டன், நுவரெலியா என்று ஆடிப் பெயர் வாங்கிய நாடகம். கதை சின்னதுதான். பனியில் வழி தவறிய சர்க்கஸ் கூட்டம் ஒரு தோட்டத்தில் கூடாரம் அடிக்கிறது. கயிற்றில் நடக்கிற பெண் காய்ச்சலில் படுத்துவிட, கோமாளி சிங்காரம் அவளுக்குப் பதிலாக ஏறுகிறான். தவறி விழுகிறான். அதுவும் வேடிக்கை என்று நினைத்துச் சனம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகிறான்.

சிங்காரமாக மிலான் ஆடினான். உடுப்பு ஷெரோமியுடையது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும், தலையில் போடும் கறுப்புக் கம்பளியும் லயம் லயமாக, வரிசை வீடுகள்தோறும் கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்டுத் தைத்த நீளக் கோட்டு. எத்தனையோ பேருடைய வேர்வையும் மழையும் அதில் இருந்தன.

மேடையில் அந்தச் சாவோடு ஆட்டம் முடியாது. காமன் கூத்தில் எரிந்த காமனை எழுப்பாமல் தோட்டத்தில் யாரும் கூத்தை முடிப்பதில்லை. தப்பு அடிக்கும் மாயாண்டி அந்த வழக்கத்தை நாடகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். உடுப்பு மாட்டிவிட்டவளே வட்டத்துக்குள் வரவேண்டும். செத்தவனின் முகச்சாயத்தைத் துடைத்து, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் "வர்றேன்" என்று சொல்லி எழுந்தால்தான் வேசம் கலையும்.

ஷெரோமி ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் மழுப்புவாள். ஆனால் ஒரு ஆட்டத்திலும் தம்பியை எழுப்பாமல் விட்டதில்லை. அப்பா இல்லாத வீட்டில் ஒரே தம்பி. பயம் இருக்கத்தானே செய்யும்.

படத்தில் அந்தக் காட்சி கிடையாது என்று டைரக்டர் கிஷாந்த் சொல்லிவிட்டார். அவர் கொழும்புக்காரர்.

"சினிமாவில செத்தவன் எழும்பி வந்தா சனம் சிரிக்கும், ஷெரோமி."

"கேமராவ நிப்பாட்டினதுக்கு அப்புறம் எழுப்பிக்கிறேனே சேர். ஒரு நிமிசம் போதும்."

"அது உங்கட விருப்பம்," என்றார் அவர்.

படத்துக்காக வந்த புதுச் சங்கதி ஒன்று உண்டு. உயரத்தில் இருந்து விழுவதற்கு ஒரு பொம்மை. உள்ளே காய்ந்த மானாப்புல் அடைத்து, மிலானைப் படுக்கவைத்து முகத்துக்கு அச்செடுத்து, அவன் ஜாடையிலேயே செய்திருந்தார்கள். அதற்கும் அச்சு அசலாக இன்னொரு கோட்டு தைத்தவள் ஷெரோமிதான். மறுநாள்தான் பொம்மைக்கு வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

பிற்பகலில் மிலானின் சாவை எடுத்தார்கள். ஷெரோமி அப்போது மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய தட்டுகளுக்கு நடுவே, கூட்டத்தில் நிற்பவர்களின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. முதலில் தரையில் படிந்து, பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் அவள் கையில் இருந்த சட்டையும் தெரியாமல் போயிற்று.

கீழே "பெக்கப்!" என்று யாரோ கத்தினார்கள். வெளிச்சம் போனதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். லைட்டுகள் அணைந்தன, ஜெனரேட்டர் அடங்கியது. அவள் சாயம் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு படியில் ஓடி இறங்கினாள்.

எல்லோரும் அதற்குள் வெளியே போய்விட்டார்கள்; ஸ்டோருக்குள் ஆள் அரவமே இல்லை. கூரையில் ஈரம் சொட்டுகிற சத்தம். உயரத்தில் கயிறு தானாக முறுகிக்கொண்டிருந்தது.

வட்டத்தின் நடுவில் சிங்காரம் கிடந்தான்.

என்னை நம்பி இந்தக் குளிரில் படுத்திருக்கிறானே என்று அவளுக்கு மனம் உருகிவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டு முகத்தைத் துடைத்தாள்.

சாயம் வரவில்லை.

"மிலான், எந்திரிடா. ஆட்டம் முடிஞ்சிருச்சு."

கன்னத்தைத் தட்டினாள். கன்னம் ஐஸாக இருந்தது.

"மிலான்! வெளாடாதடா. எனக்குப் பயமா இருக்கு."

கயிறு முறுகுவது நின்றது. சொட்டுகிற சத்தமும் நின்றது.

கூப்பிடுவதை அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிற அக்காவால் எப்படி விட முடியும்? தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்கப்பன்ல, எந்திரிச்சு வாடா மிலான்."

"வர்றேன்."

தொண்டையில் இருந்து வந்த குரலாக இல்லை அது. நெஞ்சுக்குள் எதுவோ சரசரத்து, அந்தச் சரசரப்பே சொல்லாக வந்தது. குளிரில் அவன் குரல் கட்டிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்க விரும்பினாள்.

அவன் எழுந்தான். மேடையில் செய்வதுபோலவே இடுப்பை வளைத்து, ஆளில்லாத இருட்டுக்கு வணக்கம் வைத்தான். கையுறை போட்ட அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலை நோக்கி நடத்திக் கூட்டிவந்தாள். உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள்.

வாசலில் ஒரு ஆள் நின்றான். கையில் பால் இல்லாத பிளேன்டீ.

"யாரோடக்கா பேசிக்கிட்டு வர்றீங்க?" என்றான் மிலான்.

அவள் கையில் இருந்தது வெறும் கையுறை. காலடியில் பொம்மை கிடந்தது.

நடிக்கும்போது கால் லேசாகச் சுளுக்கிய மிலானை முன்பே வேனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மறுநாள் காட்சிக்கு அளவு பார்க்க அவன் கிடந்த இடத்தில் பொம்மையைப் போட்டிருந்தார்கள். அதை வாசலுக்கு இழுத்து வந்தது யார் என்று கேட்டபோது வேலையாட்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். கிஷாந்த் எரிச்சலோடு பொம்மையைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார்.

ஷெரோமி மாயாண்டியைத் தனியே இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர் அவர். அன்று அவர் வாயில் கேலி வரவில்லை.

"தம்பி பேரச் சொல்லியா எழுப்பினீங்க தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"அது எந்திரிச்சு வந்துருச்சு. இப்ப தம்பிய எந்தப் பேரச் சொல்லி எழுப்புறது?"

அவள் வேனுக்கு ஓடினாள். மிலானைக் கெஞ்சிக் கூட்டிவந்து அதே வட்டத்தில் படுக்கவைத்து, மிச்சமிருந்த சாயத்தைத் துடைத்தாள். அவன் கேலியாகத்தான் படுத்தான். அவள் அவன் பெயரைச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். அவன் கண் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு எழுந்து மரத்தூளைத் தட்டிவிட்டான்.

"போவோமா?" என்றான்.

"வர்றேன்" என்று அவன் சொல்லவில்லை. மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்துவிட்டானே, அது போதும் என்று ஷெரோமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு அதே மலையின் கீழ்ப்பக்கத்து லயத்தில். குறுக்குப் பாதையில் இறங்கும்போது அவள் வேண்டுமென்றே பலமுறை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. அவள் தோளைத் தொட்டபோது மட்டும் திரும்பினான். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் அவளைத் தெரிந்த களை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. கடைசித் திருப்பத்தில், "இன்னும் தூரம் போகணுங்களா?" என்று கேட்டான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினாள். அம்மா பார்த்தால் சரியாகிவிடும். பெற்றவளுக்குத் தெரியாதா?

அம்மா இராசம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு வெளிச்சத்தில் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. யாரு ஷெரோமி இவரு, படத்துல வேல செய்றவங்களா?"

"அம்மா!" என்றாள் ஷெரோமி. அவன் தோளைப் பிடித்து அடுப்பு வெளிச்சத்துக்குத் தள்ளினாள்.

மிலான் கூச்சத்தோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். "பரவாயில்லங்கம்மா, நான் இப்ப போயிருவேன்," என்றான்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும். நம்ம பய எங்கடி? ஒன்னோடதான வந்தான்?"

கூடாது என்று கத்த நினைத்தாள் ஷெரோமி. அதற்குள் அம்மா வாசல் பக்கம் திரும்பி, தினமும் கூப்பிடுகிற அதே செல்லக் குரலில் கூப்பிட்டார்.

"மிலான்!"

"வர்றேம்மா."

குரல் வெளியில் இருந்து, அதே சரசரப்போடு வந்தது; லயத்து வாசலில் காலடி கேட்டது. பெஞ்சில் இருந்தவன் அந்த வீட்டுப் பிள்ளை வருகிறான் என்று மரியாதையாக நகர்ந்து இடம் விட்டான்.

அம்மா தாழ்ப்பாளை எடுத்தார்.

"ஏன்டா ராசா இப்புடி நனஞ்சு போய் வந்திருக்க? ஒடம்பெல்லாம் ஐஸா இருக்கே. உள்ள வா."