காலி வண்டியின் எடை

மைசூர் பேம்பூ பஜாரில், உமேஷின் உதிரிபாகக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஜாக்கி வாங்க வந்திருந்தேன்.

உமேஷ் முதலில் ஒரு மடக்கு ஜாக்கியை எடுத்து வைத்தார். அதன் மெலிந்த கால்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்து, சின்னதாக ஒரு பாட்டில் ஜாக்கி.

"மூணு டன் தூக்கும். உங்க பிக்கப்புக்கு இதே ஜாஸ்தி அக்கா."

"பெருசு காட்டுங்க. அடி அகலமா இருக்கணும்."

"பின்னால என்ன, ஆனையா ஏத்தப் போறீங்க? தசராவுக்கு இன்னும் நாளிருக்கே!"

கூட வந்திருந்த என் கொழுந்தன் கணேஷ்குமார் சிரிக்கவில்லை. அதைக் கவனித்து உமேஷும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"வண்டி காலியாத்தான் போகும்" என்றேன். "அன்னிக்கும் காலிதான்."

லாரிக்காரர்கள் வாங்குகிற பத்து டன் ஜாக்கியையும், அதற்கு அடியில் வைக்கத் தடித்த பலகை ஒன்றையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

எங்கள் ஊர் மார்டள்ளிக்குப் போகும் வழியில், கொள்ளேகால் தாண்டிக் காட்டுக்குள் ஒரு திருப்பம் உண்டு. மலைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போன சரக்கு வண்டி ஒன்று அங்கே கவிழ்ந்து, பின்னால் நின்றிருந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்து டிரைவர்கள் அந்த இடத்தில் காலி வண்டியை நிறுத்துவதில்லை. பின்னால் ஒரு கல்லையாவது போட்டுக்கொள்வார்கள். காலி என்றால் இறந்தவர்கள் ஏறிக்கொள்வார்களாம்.

என் கணவர் உதயகுமார் அங்கேதான் டயர் மாற்ற இறங்கினார். ஜாக்கியை ஏற்றிவிட்டு, ஸ்டெப்னியைக் கழற்ற வண்டிக்கு அடியில் போனார். நான் கேபினில் இருந்தேன். பின்னால் ஆட்கள் ஏறுவதுபோல் வண்டி அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஜாக்கியின் கால் மடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். நான் ஓட்டப் பழகினேன்.

ஜாக்கி வாங்கிய அன்று நடுப்பகல். திருப்பம் நெருங்கியதும் கணேஷ்குமார் சீட்டின் நுனிக்கு வந்தான்.

"அண்ணி, கொஞ்சம் முன்னாலயே நிறுத்துங்க. ஒரு கல்லு எடுத்துப் போட்டுக்கலாம்."

"வேண்டாம்."

"எதுக்குங்க இந்த வீம்பு?"

"உங்கண்ணன் செத்த இடத்துல நான் எதுக்குடா பயந்து போகணும்?"

திருப்பத்தில் பின் டயர் வெடித்தது.

மரங்களில் ஒரு பறவைகூட இல்லை. கசங்கிய பூவும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது, கோயில் கூட்டத்தில் அடிக்குமே, அது. முதலில் ஸ்டெப்னியை இறக்கி வெளியே உருட்டினேன். பிறகு பலகையைப் போட்டு, அச்சுக்கு அடியில் ஜாக்கியை நிறுத்தி அடித்தேன். சக்கரம் எழுந்தது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தேன்.

வண்டி அசைந்தது.

"அண்ணி..." கணேஷ்குமார் வண்டிக்கு அடியில் கைகாட்டினான். "பட்டையைப் பாருங்க."

அச்சின் மேலிருந்த வில் பட்டைகள் மெல்லப் படிந்துகொண்டிருந்தன. மூட்டை ஏற்றும்போது படியும், அதுபோல. வண்டியின் பின்தொட்டியில் ஒன்றுமில்லை. அதன் தகரம் மிதிபட்டதுபோல் நெளிந்தது. ஒரு கால். பிறகு இன்னொரு கால்.

பலகை முனகியது.

"ஓடி வந்துருங்க அண்ணி!"

நான் ஓடவில்லை. ஓடினால் வண்டி இங்கேயே கிடக்கும். அவர் உயிரை விட்ட இடத்தில் எங்கள் பிழைப்பையும் விட்டுவிட்டு நடந்து போகவேண்டும்.

"ஏறுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எத்தனை பேர் இருக்கீங்களோ ஏறுங்க. இந்த ஜாக்கி தாங்கும்."

பட்டைகள் இன்னும் படிந்தன. என் பிடரியில் யாரோ மூச்சுவிட்டார்கள். நான் திரும்பவில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன்.

ஜாக்கி மடங்கவில்லை.

மெதுவாக இறக்கி, ஜாக்கியையும் பலகையையும் எடுத்துக் கேபினில் போட்டேன். கணேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்ஜினைக் கிளப்பினேன்.

எங்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் எல்லோரும் ஏறியாயிற்று என்றால் கேபினை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். இறங்கவேண்டும் என்றால் ஒரு தட்டு.

என் முதுகுக்குப் பின்னால் தகரம் அதிர்ந்தது.

இரண்டு தட்டு.

"இறங்கற இடம் வந்தா தட்டுங்க" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.

அந்த வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். மைசூருக்கும் மார்டள்ளிக்கும் நடுவில் எத்தனையோ இடங்களில் நிறுத்தியும் பார்த்துவிட்டேன். இதுவரை யாரும் தட்டவில்லை.