சுவர் சொன்ன வாக்கியம்

வாண்டு ஆங்கிலம் படிக்கும் அழகே தனி. புத்தகத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி கத்துவாள். பக்கத்து வீட்டில்தான் ஆளே இல்லையே! அது பூட்டிக் கிடந்து பல மாதம் ஆகிறது.

"ரெயின் ஸ்டாப்ஸ் மீ ஃப்ரம் கோயிங் அவுட்!"

மழை என்னை வெளியே போகவிடாமல் தடுக்கிறது என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் சுவரை இரண்டு தட்டு தட்டினாள். டக் டக்.

தட்டுவது ஆங்கில டீச்சர் பழக்கிவிட்ட வேலை. வகுப்பில் ஒருத்தர் வாக்கியம் சொல்லி மேசையைத் தட்டினால், அடுத்தவர் உடனே இன்னொன்று சொல்ல வேண்டும். "எது தடுக்குது, என்ன செய்யவிடாமத் தடுக்குது, ரெண்டும் வரணும். முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்பார். ஒரு வாரமாக இந்தப் பாடம்தான்.

அதே ஒரு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசிக்கொண்டிருந்தது. சர்... சர்... வாண்டு படிக்க ஆரம்பித்தால் நின்றுவிடும். படிப்பதை நிறுத்தினால் மறுபடியும் சர்... சர்...

"எலியா இருக்கும்டி" என்றாள் அம்மா.

"நான் படிச்சா சும்மா இருந்து கேக்குதும்மா."

"அப்ப உன்னைவிடக் கெட்டிக்கார எலி. போய்ப் படி."

இன்று அந்த உரசல் இல்லை. அதற்குப் பதிலாக எங்கேயோ ஓர் ஓலம் இழுத்து இழுத்துக் கேட்டது. யாருடைய பேச்சு மாதிரியும் இல்லை. கீழ்வீட்டு டிவியாக இருக்கும் என்று வாண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"நாய்ஸ் ஸ்டாப்ஸ் மீ ஃப்ரம் ஸ்லீப்பிங்!" டக் டக்.

ஓலம் சட்டென்று நின்றது. பிறகு சுவர் பதில் சொன்னது.

"டோர்... ஸ்டாப்ஸ் மீ... ஃப்ரம்... கோயிங் அவுட்."

டக் டக்.

கதவு என்னை வெளியே போகவிடாமல் தடுக்கிறது என்கிறது. வாண்டு சொல்லும் அதே ராகம், அதே இரண்டு தட்டு. யாரோ அவளை ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது.

முன்னறைக்கு ஒரே ஓட்டம். அங்கே அம்மா தையல் மெஷினில் கடகடவென்று சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, சுவர் பேசுது!"

அம்மா வந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. "பூட்டின வீட்டுல யாருடி பேசப்போறா? படிக்காம இருக்க இப்படியும் ஒரு சாக்கா?" என்று தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனாள். மெஷின் மறுபடியும் கடகடத்தது.

டக் டக் என்று சுவர் கேட்டது. அடுத்தவர் சொல்ல வேண்டிய முறை.

ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஆனால் ஒரு வாரப் பழக்கம் வாயைச் சும்மா விடவில்லை. மனதில் இருந்ததையே சொல்லிவிட்டாள்.

"ஃபியர்... ஸ்டாப்ஸ் மீ ஃப்ரம் டாக்கிங் டு யூ." பயம் என்னை உங்களோடு பேசவிடாமல் தடுக்கிறது.

தட்டக்கூட மறந்துபோனாள்.

பிறகு முன்பைவிடச் சன்னமாக அந்தக் குரல் வந்தது. "பெயிண்ட்... ஸ்டாப்ஸ் மீ... ஃப்ரம்..."

அதற்கு மேல் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை போலிருந்தது. ஹா... ஹா... என்று மூச்சை இழுத்துக் காட்டியது. அப்புறம் ஓயாத இருமல்.

வாண்டு சுவரையே பார்த்தபடி நின்றாள். பேய் எதற்கு இருமுகிறது? பேய்க்கு எதற்கு மூச்சு? கதவு அடைத்துக்கொண்டால் பேய் சுவர் வழியாக வந்துவிட்டுப் போகிறது!

மறுபடியும் முன்னறைக்கு ஓடினாள். நேராக மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"ம்மா, அது பேயில்ல, எலியில்ல. உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரு. மூச்சு விட முடியலையாம்!"

மெஷின் நின்ற அமைதியில் அந்த இருமல் அம்மாவுக்கும் கேட்டது. வாண்டுவை இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

கீழே அப்போதுதான் இரவு வாட்ச்மேன் வேலைக்கு வந்திருந்தார். சாவியை எடுத்தார், டார்ச்சை எடுத்தார், தைரியத்தை மட்டும் எங்கோ வைத்துவிட்டார்.

"நீங்க முன்னால போங்கம்மா. நான் பின்னால யாரும் வராமப் பாத்துக்கறேன்" என்றார்.

பூட்டு திறந்தது. உள்ளே மின்சாரம் இல்லை. பெயிண்ட் நெடி கண்ணைக் கரித்தது. தரையெல்லாம் வெள்ளைத் தூள். அதில் காலடித் தடங்கள் வாண்டுவின் சுவரை ஒட்டியிருந்த குளியலறை வரை போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

வாட்ச்மேன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

வாண்டு குளியலறைக் கதவருகே போய் இரண்டு தட்டு தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு, மெதுவாக.

அம்மா கைப்பிடியைத் திருகித் தோளால் ஓர் இடி இடித்தாள். கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் வெளியே சரிந்தது. வாட்ச்மேன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

பெயிண்டர்தான் அவர். வேறு நாட்டுக்காரர். ஒரு வாரமாகப் பின்பக்கப் படி வழியாக வந்து, சுவரைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பகல் வாட்ச்மேன் யாரிடமும் சொல்லவில்லை. இன்று மதியம் குளியலறையின் உள்கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. போன் கூடத்தில். உள்ளே ஜன்னல் கிடையாது. தன் மொழியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

வராந்தாக் காற்றில் உட்காரவைத்து அம்மா தண்ணீர் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்த பிறகு அவருக்கு நிதானம் வந்தது.

"இவரு எங்கம்மா இங்கிலீஷ் படிச்சாரு?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

கேள்வி புரிந்ததோ என்னவோ, பெயிண்டர் வெள்ளை விரலை நீட்டி வாண்டுவைக் காட்டினார்.

"டீச்சர்" என்றார்.

வாண்டுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

மறுநாள் மாலை அடுத்த பாடம். வாண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எப்போதும்போல் கடகடவென்று ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிதானமாக, இரண்டிரண்டு தடவை படித்தாள்.