மூலை மெஷின்

பினாங்கிலிருந்து கலைஞர்கள் தங்கிப் படைக்கும் மூன்று மாத ரெசிடென்சிக்காக மும்பை தாராவியில் வந்திறங்கினேன். நான் ஒலிப்பதிவுக் கலைஞர் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே சத்தத்துக்கா பஞ்சம்! சலாவுதீன் பாயின் பை தைக்கும் பட்டறைக்கு மேலே எனக்கு அறை. கீழே ஆறு மெஷின்கள். தோலும் பசையும் கலந்த வாடை தலையணை வரை ஏறியிருந்தது.

எனக்கு வேண்டியதோ நிசப்தம். வெள்ளிக்கிழமை மதியம் ஆட்கள் தொழப் போனதும் பட்டறை ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். அதைப் பதிவு செய்யாவிட்டால் ரெசிடென்சி முடிவில் வைக்கும் கண்காட்சிக்கு என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்று வெள்ளிக்கிழமை முயன்றேன். மூன்றிலும் ஹெட்போனில் ஒரு மெஷின் ஓடியது. கழற்றினால் சத்தமே இல்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகு.

மூன்றாவது வெள்ளியன்று, மைக்கோடு கீழே இறங்கினேன். ஆறு மெஷின்களும் அசையாமல் நின்றன. காதில் மட்டும் சத்தம். சற்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மூலையிலிருந்த பாயின் மெஷினை நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது.

ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

மேலே ஓடி, பக்கத்து அறையிலிருந்த பாயின் மனைவி சாயிராவைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிப் பதிவைக் கேட்க வைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு அழுதாள்.

"எங்க வீட்டுக்காரரு தைக்கது இது. இப்படித்தான் நிறுத்தி நிறுத்தித் தைப்பாரு. இருபது வருசமா கேக்கேன்லா."

"பாய் தொழப் போயிருக்காரே, அக்கா?"

அவள் குரல் இறங்கியது. "நீ வர்றதுக்கு முந்தின வாரம் சயான்ல டிரெயின்லருந்து விழுந்தாரு. ஒரு கீறல் இல்லாம வீட்டுக்கு வந்தாரு. அன்னையிலருந்து அவரு பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு, பானு. யாருட்ட சொல்ல?"

கீழே ஷட்டர் ஏறியது. ஆட்கள் பேசிக்கொண்டே நுழைந்தார்கள். மூலை மெஷின் ஓடத் தொடங்கியது.

நிற்கவே இல்லை. ஒரே ஓட்டம்.

சாயிரா என் மணிக்கட்டைப் பற்றினாள்.

மெஷின் ஓய்ந்தது.

"சாயிரா, சோறு எடுத்து வை." கீழிருந்து பாயின் குரல்தான்.

பழக்கதோஷத்தில் அவள் எழுந்தாள். ஹெட்போன் இன்னும் அவள் காதிலேயே இருந்தது. பதிவுக் கருவியை நான் எப்போதோ அணைத்துவிட்டிருந்தேன்.

சட்டென்று நின்று, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"கீழ போவாதன்னு சொல்லுதாரு."