மூக்கர் பட்டறைக்கு வந்த கார்

அன்று மூக்கரின் மனைவி எந்தச் சைகையும் காட்டவில்லை. காதைத் தொட்டால் ரப்பர் கருகுகிறது, கழுத்தைத் தடவினால் ஆயில், வளையலைத் திருகினால் வயர். ஒற்றை விரலை நிமிர்த்தினால், நாற்றம் இன்னும் இருக்கிறது. ஒன்பது மாதமாக இந்த நான்கு சைகைகளில்தான் பட்டறையின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரரின் காருக்குள் தலையை நீட்டியவள், மூன்றாவது மூச்சில் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியருகே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

மெக்கானிக்குக்கு மூக்கர் என்று பட்டப்பெயர் வந்ததே மோப்பத்தால்தான். பானட்டைத் திறக்கும் முன்பே ‘கிளட்ச் போச்சு’ என்று சொல்லி வண்டிக்காரர்களை வாய்பிளக்க வைத்தவர். போன வருடம் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது தெரிந்தது மனைவிக்கு மட்டும். பில் மேஜையிலிருந்து எழுந்து தண்ணீர் கொடுக்க வருவதுபோல் வந்து, மோந்து பார்த்து, சைகை காட்டிவிட்டுப் போவாள். மூக்கர் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். நல்ல நடிகர்தான்.

“அக்காவுக்கு என்னண்ணே ஆச்சு?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சாப்பிட்டது ஒத்துக்கல. ஃபேன் போட்டாத்தானே நாத்தம் வருது?”

“ஆமாண்ணே. வாங்கி மூணு வாரந்தான் ஆச்சு. வித்தவரு, ஃபேன் மட்டும் போடாதீங்கன்னாரு. ஏன்னு கேக்கத் தோணல எனக்கு.”

மூக்கர் தொட்டியடிக்குப் போனார். “என்ன, வயரா?”

“முடிங்க.” அவள் உதட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். “முடி கருகுது. தோலோட.”

எலிக்கூடாக இருக்கும் என்று நினைத்தார். எத்தனை வண்டிகளில் பார்த்திருக்கிறார். இடது சீட்டுக்கு முன்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றி, ஃபில்டரை உருவி, காற்றை ஊதும் ப்ளோயர் இருக்கும் பொந்துக்குள் கையைவிட்டார். விரலில் பட்டது ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கிய அந்தக் கற்றையைப் பிடித்து இழுக்க, குளியலறைச் சாக்கடையில் அடைத்துக்கொண்ட முடியைப் போல அது வழவழவென்று வந்தது, வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளம் தாண்டியும் வந்தது. நுனிகள் கருகிச் சுருண்டு முத்து முத்தாக உருகியிருந்தன. மறுமுனையில் வேர்கள். ஒவ்வொரு வேரிலும் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நாற்றம் தெரியாத மூக்குக்கு முதல்முறையாக நன்றி சொன்னார்.

அள்ளி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, இறுக முடிச்சுப் போட்டு, குப்பை டிரம்மில் எறிந்தார். பொந்தைத் துடைத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி: நாற்றம் போய்விட்டதா என்று மோந்து பார்ப்பது.

“என்னால முடியாதுங்க,” என்றாள் அவள், தொட்டியடியிலேயே நின்றுகொண்டு. “வேற யாரையாவது கூப்பிடுங்க.”

“யாரைக் கூப்பிடறது? மூக்கருக்கு மூக்கு இல்லன்னு ஊரைக் கூட்டிச் சொல்லவா? ஒரே ஒரு தடவ, எனக்காக.”

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, காற்று வரும் துவாரத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். மூக்கர் ஃபேனை முழு வேகத்தில் போட்டார். அவள் மூச்சை இழுத்தாள். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் ஒரு செருமல். மடியிலிருந்த வலது கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் நிமிரத் தொடங்கியது.

மூக்கர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரியாயிடுச்சு, தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து மோந்து பார்த்தார். “நாத்தம் சுத்தமா இல்லண்ணே! நீங்கதாண்ணே மூக்கர்,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பார்த்தாயா என்பதுபோல் மூக்கர் மனைவியைத் தேடினார். அவள் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போயிருந்தாள்.

சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. உள்ளறையிலிருந்து வறட்டு இருமல் மட்டும் வந்தது. மூக்கர் நான்காவது முறையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவியும் விரலிடுக்கில் பிசுக்கு போகவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் அது வந்தது.

நாற்றம்.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு! ஒரு கணம் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “ஏய், எனக்கு மூக்கு வந்துடுச்சு!” என்று கத்தினார். அடுத்த இழுப்பில்தான் அது என்னவென்று உறைத்தது. முடி. கொழுப்பு. தோல்.

அடுப்பைப் பார்த்தார். சில்லென்று கிடந்தது. பட்டறைக்கு ஓடி டிரம்மைக் கவிழ்த்தார். பை இருந்தது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே ஒரு இழைகூட இல்லை.

இருமல் நின்றிருந்தது.

உள்ளறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நெருங்க நெருங்க நாற்றம் நாக்கில் படிந்தது. கொழகொழவென்று. விழுங்கவும் முடியவில்லை.

“இங்க திரும்பும்மா.”

திரும்பினாள். வாய் திறந்திருந்தது. திறந்தபடியே. உதட்டோரம் ஒரு கற்றை. ஈரமாக. நுனியில் மெல்லிய புகை.

அவர் பிடித்து இழுத்தார். வேறென்ன செய்வார்? வந்தது. வெதுவெதுப்பாக. கையில் சுற்றினார். இன்னும் வந்தது. முழங்கை வரை சுற்றியாயிற்று. “அவ்வளவுதான், வந்துடுச்சு, முடிஞ்சுது,” என்று அழுதார்.

அவள் கண்கள் அவரையே பார்த்தன. மடியிலிருந்த வலது கை மெல்ல எழுந்தது.

ஒற்றை விரல் நிமிர்ந்தது.