றொஜன் கொண்டுவந்த ரோச்

"முகத்துக்கு ரோச் லைற் அடிக்காதேங்கோ எண்டு சொன்னனானெல்லே, அண்ணை!"

"ஒரு பகிடிக்குத்தானே, அதுக்கு நீர்..."

"என்ன பகிடி? களைச்சு விழுந்து வந்த மனுசன்ரை கண்ணுக்கை..."

"அந்தக் கண்ணைத்தான் சொல்ல வாறன், கேளுமன்!"

"அடிச்சால் கூசாமல் என்ன செய்யும்?"

"கூசேல்லை, பிரேமினி. அதைத்தான் சொல்லுறன். கூசேல்லை."

பிரேமினியும் அதைப் பார்த்திருந்தாள். குசினி மூலையில் குந்தியிருந்த அவள் கணவன் டிலோனின் முகத்தில் அந்த வெள்ளை வெளிச்சம் அறைந்தபோது, அவன் இமைக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கண்மணிகள் இரண்டும் சுருங்காமல், அகன்ற கறுப்பாகவே நின்றன.

"வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்க வேணும்," என்றான் றொஜன், குரலைத் தணித்து. "செத்த சவத்துக்குத்தான்..."

"வாயைக் கழுவுங்கோ! கூடப் பிறந்தவனைப் பார்த்துச் சொல்லுற கதையே இது?"

டிலோனின் தமையன் றொஜன், சமாதான காலம் என்று சுவிஸிலிருந்து லீவில் வந்திருந்தான். வந்த நாள் தொட்டு அந்த ரோச் அவன் கையை விட்டு இறங்கவில்லை. கடையில் வாங்கியதல்ல. அங்கே ஒருவன் தைற்றேனியம் கட்டையைக் கடைந்து, றொஜனின் கைப்பிடிக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்ததாம். "உப்புத்தண்ணிக்கை கிடந்தாலும் கறள் பிடியாது. உங்கடை தகர ரோச் மாதிரியே?" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் கேட்பான். அதால் முகட்டு ஒட்டறைக்கு அடிப்பான், கரிபிடித்த சட்டிக்கு அடிப்பான், "இதெல்லாம் கழுவிறேல்லையோ?" என்பான். ஆசுபத்திரி வெளிச்சம் போன்ற அந்த ஈவிரக்கமற்ற வெள்ளையை அவள் வெறுத்தாள்.

"உமக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை," என்றுவிட்டு றொஜன் கடற்கரைப் பக்கம் இறங்கிப் போனான்.

டிலோனிடமிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொழுதுபடும் நேரம் வந்தவன். இப்போது நன்றாக இருட்டியும், சாரத்திலிருந்தும் தலைமயிரிலிருந்தும் இன்னமும் சொட்டியது. சீமெந்துத் தரையில் அது பரவி அடுப்படி வரை வந்திருந்தது, அதிலிருந்து மீன் வாடையோ வேர்வை வாடையோ இல்லாமல், வெயிலே காணாத ஆழத்துச் சேற்றின் வாடை எழுந்து அவளின் தொண்டைக்குள் போய் இருந்தது.

"உடுப்பை மாத்துங்கோவன்."

அவன் அசையவில்லை.

அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. றொஜனைக் கூப்பிடப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

மெலிஞ்சிமுனைக் கரையில் அவர்களின் வீட்டுக்கு நேரே கடலுக்குள் இரண்டு பக்கமும், நீருக்கடியில் பாறைத் தொடராய், கல்லுப் பார். நடுவே ஒரு படகு நுழையத்தான் இடம். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரைக் கம்பத்தில் வீட்டுக்காரி அரிக்கன் லாம்பைத் தூக்கியிருப்பாள். அதை நேருக்கு நேர் குறியாகப் பிடித்து அவன் உள்ளே வருவான். அவன் கால் மண்ணில் பட்டதும் அவளே அதை இறக்கி, ஊதி நூர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது தன் வீட்டு வெளிச்சம் என்று நம்பி வந்து கல்லில் ஏறிவிடுவான். அந்தக் கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

இன்றைக்கு டிலோன் கடல் பக்கமாக வரவில்லை. பின்வேலிப் பக்கமாக நடந்து வந்தான். "எஞ்சின் பழுது. போட்டை அங்காலை விட்டிட்டு வந்தனான்," என்றான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "லாம்பை நூரும்," என்றான்.

அவளும் போய் நூர்த்துவிட்டாள்.

றொஜன் முழங்கால் தண்ணீரில் நின்று கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் சிதறாமல் ஒரு வெள்ளைத் தடியைப் போல நீர்மேல் நீண்டு கிடந்தது.

"நேவிக்காரன் கண்டால் சுடப்போறான், அண்ணை. வாங்கோ."

"பொறும். அங்கை ஒரு லைற்."

தூரத்தில், மஞ்சளாய், சின்னதாய். மறைந்தது, தெரிந்தது. மறுபடி மறைந்தது, தெரிந்தது. பிறகு நீளமாய் ஒரு மறைப்பு.

கலியாணம் முடித்த மாதம் பிரேமினியும் டிலோனும் பேசிவைத்த சைகை அது. நான் தான், வாறன் என்று அதற்குப் பொருள். அவனைப் பெற்றவளுக்குக்கூட அது தெரியாது.

"ஆர் அது?"

"அவர்."

"ஆர் அவர்?"

"டிலோன்."

றொஜன் அவளைப் பார்த்தான். பிறகு ரோச்சின் தலையைத் திருகி வெளிச்சத்தை இன்னும் ஒடுக்கினான். நீல வள்ளம் ஒன்று பாரின் விளிம்பில் ஆடியது. முன் அணியத்தில் நின்றவன், கண் கூசிக் கையால் முகத்தை மறைத்தான்.

இருவரும் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். குசினி விளக்கு நூர்ந்திருந்தது.

"இதைப் பிடியும்." றொஜன் ரோச்சை அவள் கையில் திணித்தான். "இப்பிடியே நேரை பிடியும். கை ஆடினால் அவன் கல்லிலை ஏறிடுவான். என்ன நடந்தாலும் திரும்பாதையும்."

கரையில் கிடந்த கொட்டன் தடி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு அவன் போனான். மணலில் அவன் காலடி. வாசற்படியில் காலடி.

"டேய்," என்றது அவன் குரல். "நீ ஆரடா?"

பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணை?"

கொட்டன் தரையில் உருளும் சத்தம். அதுவும் நின்றது.

எஞ்சின் சத்தம் கிட்டவாக வந்தது. வள்ளம் பாருக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல். நடுவே அவள் பிடித்த வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் வழி.

பின்னால் மணல் நெரிந்தது.

ஈரக் கால்.

"றொஜன் அண்ணை?"

சேற்று வாடை.

திரும்பினால் கையும் திரும்பும். கை திரும்பினால் வெளிச்சமும் போகும். அவள் இரண்டு கையாலும் ரோச்சை இறுக்கினாள். உலோகம் குளிர்ந்தது.

பிடரியில் ஒரு சொட்டு.

இன்னொன்று.

தோளின் மேலாக ஒரு கை வந்தது. அவள் முழங்கை வழியே ஊர்ந்தது. விரல்களின் மேல் வந்து படிந்தது. எது உலோகம், எது விரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வள்ளத்திலிருந்து டிலோன் அவள் பெயரைச் சொல்லிக் கூவினான்.

அதே குரல், அவள் காதுக்குள், மெதுவாக:

"நான் தான் வந்திட்டனே, இஞ்சரும். இனி ஆருக்கு வெளிச்சம்?"