கடைசியாக வரும் கார்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பவுலினா ஓடுதளத்தை நோக்கி ஓடினாள்.

உலகப் போர் நடந்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட சிமெண்டுத் தளம் அது. ஓசூருக்குப் பக்கத்தில், வயல்களின் நடுவே, ஒரு மைல் நீளத்துக்கு நேராகக் கிடந்தது. இப்போது விமானம் எதுவும் வருவதில்லை. மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து பந்தயக் கார்கள் வரும். பவுலினாவுக்கு அதுவே போதும்.

இன்று அவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். தளத்தின் நடுவில் அறுத்துப் போட்ட கொள்ளுச் செடி நீளமாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் தடியோடு, அடுத்த வயலுக்காரி வெங்கடம்மாள் நின்றிருந்தாள்.

"அத்தை! இன்னிக்கு காரு வருதுன்னு சொன்னேனே!"

"சொன்னே கண்ணு. நேத்தே மாடு கட்டி மிதிச்சு முடிச்சிருப்பேன். ஒரு மாடு நொண்டுதே, என்ன பண்ண? தடியால அடிச்சா நாளைக்குச் சாயந்திரம் ஆவும்."

"ஓரமா எடுத்து வெச்சிடலாமா?"

வெங்கடம்மாள் ஒரு கைப்பிடிச் செடியைத் தூக்கினாள். காய்கள் படபடவென்று வெடித்தன. கொள்ளு நாலு பக்கமும் சிதறியது.

"பாத்தியா? தூக்கினா பாதி இங்கயே கொட்டிப் போயிடும்."

போன மாதம் பந்தயக்காரர் கிருஷ்ணப்பன் அண்ணன், "அடுத்த தடவை தளம் காலியா இருக்குமா?" என்று கேட்டபோது, "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தவள் பவுலினாதான். அடுத்த ஞாயிறு மதராசுக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பந்தயம். இன்று காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காவிட்டால் அவர் போக முடியாது.

தூரத்தில் உறுமல் கேட்டது. முதலில் கிருஷ்ணப்பனின் சிவப்பு ஹெரால்டு கார். பின்னால் மூன்று ஃபியட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், சாப்பாட்டுக் கேரியர்களை ஏற்றிக்கொண்டு ராஜப்பனின் கறுப்பு மோரிஸ்.

கிருஷ்ணப்பன் இறங்கிப் பார்த்தார்.

"காலியா இருக்கும்னு சொன்னியே, பவுலினா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"சொன்னேன் அண்ணா. கொஞ்ச நேரம் குடுங்க."

அவள் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு ஃபியட், நிழலில் நிறுத்துவதற்காக மெல்லத் திரும்பியது. அதன் பின்சக்கரம் செடியின் ஓரத்தில் ஏறி இறங்கியது. நொறுநொறுவென்று சத்தம்.

பவுலினா எழுந்து ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். காய்கள் உடைந்திருந்தன. உள்ளே இருந்த கொள்ளு முழுசாக இருந்தது.

"அத்தை! மாட்டுக்குப் பதிலா காரு மிதிச்சா ஆவாதா? லாரி போற ரோட்டுல பரப்புவீங்களே, அந்த மாதிரி!"

"இவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலை!" என்ற கிருஷ்ணப்பன் ஹெரால்டில் தாவி ஏறினார்.

சிவப்புக் கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. செடியும் கொள்ளும் வானத்துக்குப் பறந்தன. வெங்கடம்மாளின் தலையெல்லாம் கொள்ளு.

"நிறுத்துய்யா! என் கொள்ளு எல்லாத்தையும் பெங்களூருக்கே அனுப்பிடுவ போல இருக்கே!"

மெக்கானிக் சென்னப்பன் காருக்கு அடியில் பார்த்துவிட்டு, "பேடா, பேடா!" என்று கன்னடத்தில் அலறினார். "வேணாம்மா! கீழே குழாய் நெருப்பா கொதிக்குது. செடி சுத்திக்கிச்சுன்னா பத்திக்கும்!"

பவுலினா காருக்கு அடியில் கையை நீட்டி உயரம் பார்த்தாள். ஒரு சாண் இடம் இருந்தது.

"கணுக்கால் உயரத்துக்குப் பரப்பிட்டா தட்டாது. ஒவ்வொரு சுத்துக்கும் நீங்க கீழே பாத்துடுங்க மாமா, பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வெச்சுக்கலாம். ஆனா மெதுவா போகணும்."

"மெதுவாவா?" ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "அதுக்கா இருபத்தஞ்சு மைல் வந்தோம்?"

பவுலினாவுக்குப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நடந்த மெது சைக்கிள் போட்டி ஞாபகம் வந்தது.

"இதுவும் ரேசுதான். யாரு கடைசியா வர்றாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க. நடுவுல நிக்கக் கூடாது. எஞ்சின் அணையக் கூடாது. முடியுமா, முடியாதா?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் கார்களுக்கு ஓடினார்கள்.

செடியை மெல்லிசாகப் பரப்பியதும் பவுலினா கைக்குட்டையை ஆட்டினாள். ஐந்து கார்களும் எருமைகளைப் போல அசைந்து கிளம்பின. காய்கள் நொறுங்கின. பாய்ந்து பழகிய ஹெரால்டு இருமியது, குலுங்கியது, பத்தே அடியில் அணைந்துபோனது.

"அண்ணா அவுட்டு!"

"இது அநியாயம்! இன்னொரு தடவை!" என்று கிருஷ்ணப்பன் கத்தினார்.

இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பதினாறு சுற்றுகள் நடந்தன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சென்னப்பன் குனிந்து, சிக்கிய செடியை உருவி எடுத்தார். பதினாறு தடவையும் ஜெயித்தது ராஜப்பனின் மோரிஸ்தான்.

"எப்படி ராஜப்பா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"நான் எப்பவும் இப்படித்தான் ஓட்டறேன் சார். சாம்பார் சிந்தக் கூடாதுல்ல?"

செடியை உதறி ஒதுக்கியபோது, அடியில் கொள்ளு கனமாகக் கிடந்தது. வெங்கடம்மாள் கூட்டி அள்ளி மூட்டை கட்டினாள்.

"போதும், போங்க. நாலு கொள்ளு கிடந்தா குருவி தின்னுட்டுப் போவுது."

"ஐயோ அத்தை, ஒண்ணுகூட இருக்கக் கூடாது!" என்றாள் பவுலினா. "வேகமா வர்றப்ப கொள்ளு உருண்டா சக்கரம் வழுக்கிடும்."

அதைக் கேட்டதுதான் தாமதம், நான்கு பந்தய வீரர்களும் மண்டியிட்டுத் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். கிருஷ்ணப்பன் சிமெண்டு வெடிப்பிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். வெங்கடம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் இவ்வளவு சுத்தமா பெருக்கினதில்லை, கண்ணு!"

மூன்று மணிக்குத் தளம் காலியானது. சிவப்பு ஹெரால்டு அந்தக் கோடியில் போய் நின்றது. ஒரு நிமிடம் அமைதி. பிறகு உறுமல் எழுந்தது, உயர்ந்தது, ஒரு திணறலும் இல்லாமல் நெருங்கி வந்து, பவுலினாவின் பாவாடையைப் படபடக்க வைத்துவிட்டுக் கடந்துபோனது.

திரும்பி வந்த கிருஷ்ணப்பன் சன்னல் வழியே தலையை நீட்டினார். "சோழவரம் போறோம், பவுலினா!"

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

வெங்கடம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் காதருகே குனிந்தாள்.

"அடுத்த மாசம் எங்க தங்கச்சி வீட்டுக் கொள்ளு இருக்கு, கண்ணு. இவங்கள மறக்காம வரச் சொல்லு. அந்தச் சிவப்பு வண்டி வரலேன்னாலும் பரவாயில்ல, சாம்பார் வண்டி கட்டாயம் வரணும்!"