ஏழு தக்காளி வாளிகள்

காலை 6.40.

மூன்றாம் மாடி நர்ஸ், இரவுப் பணி முடிந்து வந்து, சீருடைகளைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். தொப்பென்று ஒரு சத்தம். எழுந்து ஓடினார். வெள்ளைவெளேரென்று தொங்கிய சீருடைகளை இரு கையாலும் விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தார்.

நான்காம் மாடிப் பெரியவர் சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். நர்ஸ் படியில் விழுந்தடித்து இறங்கி நாடி பார்த்தார். இல்லை.

7.25. பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். இறந்தவரின் பெயரைக் கேட்டதும் ஒரு கணம் நின்றுவிட்டார். முந்தைய நாள் மாலை அதே பெயரைச் சொல்லி ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். "ஒரு விபத்தைப் பத்திச் சொல்லணும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வருவேன்."

பெரியவர் முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனைவி போன பிறகு தம்பியோடு வாழ்ந்தார். தம்பி டாக்ஸி ஓட்டுகிறார். வாசலில் நின்ற அந்த டாக்ஸியைக் கடக்கும்போது இன்ஸ்பெக்டர் ஒன்றைக் கவனித்தார்: வலது விளக்கின் கண்ணாடி மஞ்சளேறிக் கிடந்தது, இடது விளக்கு புத்தம் புதிது.

நான்காம் மாடிப் பால்கனி நான்கடி அகலம்தான். மேலே குறுக்காக ஓர் இரும்புக் குழாய். அதில் கொக்கி மாட்டி ஏழு பெயிண்ட் வாளிகள் தொங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் தக்காளிக் கொடி விளிம்பு தாண்டி வழிந்து, குண்டுமணி போல் காய்த்திருந்தது. மண் ஈரம். இலைகளிலும் நீர் முத்து முத்தாய் நின்றது. ஒரு ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் பூவாளி.

"விழுந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"குளியலறையில மேடம்." தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. "அண்ணன் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தாரு. கடைசி வாளிக்கு எட்டும்போது ஸ்டூல் சறுக்கிருக்கும்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கல. எல்லா வாளியும் நனைஞ்சிருந்துச்சே, அதை வச்சுச் சொல்றேன்."

"சத்தம் கேட்டதும் இறங்கிட்டீங்களா?"

"உடனே ஓடினேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கீழ்வீட்டம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஆகாது மேடம். வாளித் தண்ணி அவங்க துணியில சொட்டுதுன்னு போட்ட சண்டை இந்தக் கட்டடத்துக்கே தெரியும்."

வாசல் காவலாளியின் கணக்கு வேறாக இருந்தது. "முதல்ல நர்ஸம்மாதான் வந்தாங்க. தம்பி வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சுங்க."

7.50. நர்ஸ் வீடு.

"சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். அது பழைய கதை." நர்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சமாதானம் ஆகி ஒரு மாசம் ஆச்சு. பழுத்ததும் ஒரு கிண்ணம் எனக்கு வந்துடும். லஞ்சமான்னு கேட்பேன். இல்லம்மா, அபராதம்னு சொல்வாரு."

"அப்போ தண்ணி சொட்டுறது?"

"ஒன்பது மணிக்குத் துணி எடுத்துட்டுக் குரல் கொடுப்பேன். அதுக்கப்புறம்தான் ஊத்துவாரு. அதுவும் இலையில ஒரு பொட்டு படாது. இலை நனைஞ்சா செடிக்கு நோய் வரும்னு வேர்ல பார்த்துப் பார்த்து ஊத்துவாரு."

"இது அவர் தம்பிக்குத் தெரியுமா?"

"அவரு தினம் ஏழு மணிக்கே வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாரே. எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் பால்கனிக்குப் போனார். கொடியில் தொங்கிய சீருடைகளில் வரிசையாகப் பழுப்புக் கறை. மண்நீர் சொட்டிய கறை.

"இது எப்போ விழுந்துச்சு?"

நர்ஸ் திகைத்தார். "தெரியலையே! நான் எட்டிப் பார்க்கும்போது இல்ல. முகத்துக்கு நேரா விலக்கினேன் மேடம், பளிச்சுன்னு இருந்துச்சு."

"அவர் கீழ கிடந்தப்போ?"

"ஆமாம்."

நர்ஸைக் கொடியருகே நிற்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மேலே ஏறினார். ஒரு குவளை நீரை ஒரு வாளியில் ஊற்றிவிட்டு எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு வரும்போது கீழிருந்து நர்ஸின் குரல்: "துணியில சொட்டு விழுந்துடுச்சு!"

8.30. தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் கடைசி வாளிக்குத் தண்ணி ஊத்தும்போது விழுந்தாருன்னு சொன்னீங்க. அப்படின்னா முதல் வாளித் தண்ணி அவர் விழறதுக்கு முந்தியே கீழ்வீட்டுத் துணியில சொட்டியிருக்கணும். அவர் விழுந்த பிறகும் அந்தத் துணி சுத்தமா இருந்துச்சு. செத்தவர் மேல வந்து செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டார். வீட்டில இருந்தது நீங்க ஒருத்தர்தான். அந்தப் பத்து நிமிஷம் குளியலறையில இல்ல, இங்க இருந்திருக்கீங்க. விபத்துன்னு காட்டத் தண்ணி ஊத்தி, அவசரத்துல இலையெல்லாம் நனைச்சிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே வாசலில் நின்ற டாக்ஸியைக் காட்டினார்.

"வண்டியோட இடது லைட்டை எப்போ மாத்தினீங்க?"

அந்தக் கேள்வியில் அவர் உடைந்துபோனார். இரண்டு வாரத்துக்கு முன், தெருமுனையில், சைக்கிளில் வந்த தபால்காரர். இடித்ததும் நிறுத்தவில்லை. தபால்காரர் அங்கேயே இறந்துபோனார். அண்ணன் பழைய விளக்கைக் குப்பையில் பார்த்துவிட்டார்.

"நிக்கணும்னுதான் நினைச்சேன். கால் பிரேக்குக்கே போகல." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "போலீஸுக்குப் போவோம்டா, நானும் கூட வர்றேன்னு காலையிலேயே ஆரம்பிச்சாரு. விடுங்கண்ணான்னு தள்ளினேன். பால்கனிக் கம்பி அவ்வளவு தாழ்வுன்னு தோணவே இல்ல மேடம். என்னைத் தூக்கி வளர்த்தவரு."

இன்ஸ்பெக்டருக்கு அன்று, குற்றவாளியைக் கண்டுபிடித்த நாளில் வழக்கமாக வரும் நிம்மதி வரவில்லை.

மாலை 4.15. தபால்காரரின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே சைக்கிள் வளைந்த சக்கரத்தோடு சுவரில் சாய்ந்திருந்தது.

"ஆள் கிடைச்சுட்டாருங்க. ஒத்துக்கிட்டாரு."

அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு நாள். யாருமே பார்க்கலைன்னு சொன்னாங்களே. யார் சொன்னது?"

"இடிச்சவரோட அண்ணன். நேத்துச் சாயந்திரம் போன் பண்ணினாரு."

"சொந்தத் தம்பியையா?" அவர் கண்கள் நிறைந்தன. "பெத்த மனசுகூட மறைக்கும். அவரை நான் பார்க்கணும். கையெடுத்துக் கும்பிடணும். எங்க இருக்காரு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உட்காருங்கம்மா," என்றார். "சொல்றேன்."